பெயரை எந்தத் தாளில் எழுதுவது?

தூத்துக்குடிக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்த என்னை எங்கள் துறவற சபை திருகோணமலைக்கு அனுப்பியபோது, பேசுவதும் தமிழ், செபிப்பதும் தமிழ், எதிரே இருப்பதும் கடல் என்பதால், அந்நிய நாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. இடியப்பமும் சொதியும் விரைவில் பழகின. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு மிரளாமல் மேய்வதும், கோணேசர் கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் எங்கள் காலைச் செபத்தோடு சேர்ந்து ஒலிப்பதும் இயல்பாகிவிட்டன. ஆண்டுதோறும் வதிவிட விசாவைப் புதுப்பிக்கும்போதுதான் நான் வெளிநாட்டவள் என்பது நினைவுக்கு வரும்.

பழகாதது ஒன்று உண்டு. இங்குள்ள பல வீடுகளில், குடும்பத்தில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரப் பந்தல்களில் தொடர் போராட்டம் தொடங்கினர். அவர்களுள் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டனர்.

நவம்பர் மாதத்தில் எங்கள் பங்கில் மரித்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பீடத்தருகே வைப்பது வழக்கம். அதற்காக வந்த தாய் ஒருவர் பொலித்தீன் பை ஒன்றைப் பிரித்து, மகனின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் லேமினேட் செய்த புகைப்படத்தையும் மேசையில் பரப்பினார். எத்தனையோ அலுவலகங்களில் எடுத்துக் காட்டியதால், பெருவிரல் படும் மூலை மட்டும் வெளிறியிருந்தது. "சிஸ்டர், மகன்ட பேரை ஆத்துமாக்கள்ட தாள்ல எழுதவா, இல்லாட்டி சுகத்துக்கு மன்றாடுறதுல எழுதவா? முந்தினதுல எழுதினா நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி" என்றார்.

"எனக்கும் தெரியாது, அம்மா" என்றேன். மரித்தோருக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்கிறோம். வாழ்வோருக்குப் பாதுகாப்பைக் கேட்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்காக எதைக் கேட்பது? மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்றே சான்றளிக்க 2016இல் சட்டம் வழிசெய்தது. அதையும் வாங்க அவர் மறுத்துவிட்டார். கடவுளுக்குத் தெரியும் என்று ஆறுதல் சொல்வது எளிது. தெரிந்தும் ஏன் சொல்லாமலிருக்கிறார் என்ற கேள்வி அன்றிரவு சிற்றாலயத்தில் என்னை முழந்தாளிடவே விடவில்லை.

அதை விசுவாசக் குறைவாக நான் கருதவில்லை. திருப்பாடல்களுள் 88ஆவது, ஓர் ஆறுதல் வரியும் இன்றி இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை அதை நீக்காமல் இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது. பதில் கிடைக்காதவனின் முறையீடும் செபமே என்பதற்கு எனக்கு அது போதும். "காரியத்தைச் செய்து மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்" என்று அந்தத் தாய்மாருக்குப் புத்தி சொல்வோரையும், "கட்டாயம் வருவான்" என்று வாக்குக் கொடுப்போரையும் என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. இரு தரப்பினரும் தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறார்கள்.

கோவாவிலிருந்து 1687இல் இத்தீவுக்கு வந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளாரை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அப்போது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்ததால் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்து, நோயில் விழுந்து, எந்த வீட்டில் கத்தோலிக்கர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல், கழுத்தில் செபமாலையுடன் வாசல் வாசலாகப் போனவர் அவர். 1711இல் கண்டியில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை.

அந்தத் தாய் இந்த ஆண்டும் இரண்டு தாள்களிலும் பெயர் எழுதவில்லை. பங்குத்தந்தை திருப்பலியின் மன்றாட்டில், நிலை அறியப்படாதவர்களுக்காக என்று தனியே ஒரு வேண்டுதலைச் சேர்த்தார். மகனின் பெயரை அதில் சத்தமாக வாசிக்கச் சொன்னவர் தாய்தான். அரசின் காணாமல்போனோர் அலுவலகம் அவரை மீண்டும் அழைத்திருக்கிறது. துணைக்கு வரும்படி கேட்டார், போகிறேன். அடுத்த ஆண்டும் இங்கேயே பணிசெய்ய விரும்புவதாகச் சபைத் தலைவிக்கு எழுதி, விசாவுக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.