தாது வருஷத்துக் கூலி: நாவல் வேலைக் குறிப்புகள்

ஜூலை 6

இன்னைக்கு பூரா எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான். 1876ல வடகிழக்கு மழை பொய்ச்சுப் போச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மெட்ராஸ் மாகாணம் பட்ட பாட்டைத்தான் எழுதப் போறேன். எங்க ஊர்ப்பக்கம் இன்னும் தாது வருஷப் பஞ்சம்னுதான் சொல்லுவாங்க. ஃபைல்ல மழை இருக்கு, விலை இருக்கு, பஞ்ச நிவாரண வேலைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு தாலுகா வாரியா கணக்கு இருக்கு, ஆனா மண் சுமந்த ஒரு பொம்பள பேர்கூட கண்ணுல படல. என் கதை அவளோடதுதான். செங்கல்பட்டுப் பக்கத்து நெசவுக்காரன் பொண்டாட்டி. பஞ்சம்னு வந்தா முதல்ல நிக்கறது தறிதானே, சோத்துக்கே வழியில்லாதப்ப யாரு புடவை வாங்குவா.

ஜூலை 9

கூலிக் கணக்கு. இத எழுதாம தூக்கம் வராது.

1877 ஜனவரி 1, டெல்லில தர்பார், விக்டோரியாவ இந்தியாவுக்குப் பேரரசின்னு அறிவிச்ச நாள். அதே மாசம் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி ரிச்சர்ட் டெம்பிள் மெட்ராஸ் பக்கம் வர்றாரு, செலவைக் குறைக்கணும். அவர் போட்ட கூலி ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியம், கூட 1 அணா. பொம்பளைக்கும் பிள்ளைகளுக்கும் அதுலயும் குறைச்சல். 1 பவுண்டுன்னா 450 கிராம், அத வச்சுக்கிட்டு வெயில்ல நாள் முழுக்க மண்ணு வெட்டணும். இதே டெம்பிள்தான் 1874ல பீகார் பஞ்சத்துல பர்மா அரிசிய வரவழைச்சு ஜனங்களக் காப்பாத்துனவரு, அதுக்கு ரொம்ப செலவு பண்ணிட்டாருன்னு திட்டு வாங்குனவரு. அந்தத் திட்டுதான் மூணு வருஷம் கழிச்சு நம்ம ஆளுங்க தட்டுல கை வச்சிருக்குன்னு எனக்குத் தோணுது. மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் விடல, குறைஞ்சது ஒன்றரை பவுண்டாவது வேணும், பருப்பும் காய்கறியும் வேணும்னு சண்டை போட்டாரு. மார்ச்சுல கொஞ்சம் ஏத்துனாங்க, 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. அதுக்குள்ள போன உயிர் போனதுதான்.

ஜூலை 10

ராத்திரி சமையல்கட்டுத் தராசுல 450 கிராம் கேழ்வரகு நிறுத்துப் பார்த்தேன். பாக்க நிறையத்தான் தெரியுது. ஆனா அவ வாங்குறது அதுக்கும் குறைச்சல், வேலைக்கு வர முடியாத மாமியாக்காரிக்கும் அதுலதான் பங்கு, புளி மிளகாய் எல்லாம் அந்தக் காசுலதான்.

ஜூலை 15

மயிலாப்பூர்லேந்து மந்தைவெளி வரைக்கும் பக்கிங்காம் கால்வாய் ஓரமா நடந்தேன். மேல பறக்கும் ரயில், தண்ணிக்குள்ள அதோட தூண், நாத்தம் தாங்கல. கூவத்தையும் அடையாறையும் சேர்க்கிற இந்தத் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78ல பஞ்ச நிவாரண வேலையா வெட்டுனது. ஆம்பளைங்க மண்வெட்டி, பொம்பளைங்க தலையில சும்மாடு வச்சு கூடை. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் கோமகன் பேர கால்வாய்க்கு வச்சாங்க. அந்த மனுஷன் அரசாங்கம் சார்பா தானியம் வாங்கி வைக்க இறங்குனவரு, வியாபாரத்துல தலையிடாதேன்னு மேலிடம் தடுத்துடுச்சு. வெட்டுனவங்களுக்கு இந்தக் கரையில ஒரு கல்லாவது வச்சிருக்கலாம். எனக்கு இதுல ஆத்திரம்தான் வருது, மறைக்கல.

ஜூலை 19

சின்னச் சின்ன விஷயம் சரிபார்த்தது. சிவகாசித் தீப்பெட்டி 1923க்கு அப்புறம்தான், அதனால அவ பக்கத்து அடுப்புலேந்து நெருப்பு வாங்கிட்டு வரட்டும். விளக்குக்கு ஆமணக்கெண்ணெய். கும்பாவுல ஊத்துற கஞ்சி ராயபுரம் மணியக்காரர் சத்திரத்துல, அது 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச இடம், ஸ்டான்லி ஆஸ்பத்திரிய பழைய ஆளுங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றது அதனாலதான்.

ஜூலை 24

ஹூப்பர்னு ஒரு பட்டாளத்துக்காரர் எடுத்த பஞ்சப் படங்கள் பார்த்தேன். எலும்பும் தோலுமா வரிசையா உக்கார வச்சு எடுத்தது. ரொம்ப நேரம் பாக்க முடியல. ஆனா ஒண்ணு முடிவு பண்ணிட்டேன், என் கதையில அவள அப்படி நிறுத்தி வைக்க மாட்டேன். அவ பேசணும், மேஸ்திரிகிட்ட கணக்கு கேக்கணும், பக்கத்துல சுமக்கறவளோட சண்டை போடணும், சிரிக்கணும்கூட. பசிய வர்ணிக்கறத விட அந்தக் கூலிய அவ எப்படிப் பங்கு போடுறான்னு எழுதினா போதும்.

ஜூலை 27

மூணாவது அத்தியாயம் இடம் மாத்தியாச்சு. மெட்ராஸ் கடற்கரை, இறக்குன நெல்லும் அரிசியும் மூட்டை மூட்டையா, ரயில்ல உள்ளூருக்குப் போகக் காத்திருக்கு. தானியம் இருந்துச்சு, வாங்கக் காசுதான் இல்ல, இத கடற்கரையில வச்சாத்தான் படிக்கறவங்களுக்கு உறைக்கும். நாளைக்கு செங்கல்பட்டுக் கேழ்வரகு விலை, மாசவாரியா, 1876 அக்டோபர்லேந்து எடுக்கணும், அவ என்னைக்கு ஊர விட்டுக் கிளம்புறாங்கறத அந்த விலைதான் சொல்லும்.