இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி வினாக்கள் அமைத்துப் பார்த்த அனுபவம்

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டி வினாக்களைத் தமிழில் புதிதாக அமைப்பது சில காலமாக என் பொழுதுபோக்காக இருந்து வருகிறது. அமைத்த வினாக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கிறேன். அவர்கள் குறிக்கும் விடையையும், அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்று அவர்களே சொல்வதையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இதுவரை தேறியவை, கைவிட்டவை, பாதி வழியில் நிற்பவை ஆகியவற்றைப் பற்றிய குறிப்பு இது.

முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் கங்காரு கணிதப் போட்டி. ஆஸ்திரேலியாவில் 1978இல் பீட்டர் ஓ'ஹாலரன் முன்னின்று தொடங்கிய நாடளாவிய கணிதப் போட்டியைப் பார்த்து, பிரான்சில் ஆந்த்ரே தெலெதிக், ழான்-பியர் பூதின் ஆகிய இருவரும் 1991இல் இதனைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியர்களைச் சிறப்பிக்கும் விதமாகத்தான் கங்காரு என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 75 நிமிடத்தில் 24 வினாக்கள். முதல் எட்டுக்குத் தலா 3 மதிப்பெண், அடுத்த எட்டுக்கு 4, கடைசி எட்டுக்கு 5. ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். இந்த அமைப்பு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், முதல் எட்டு வினாக்களில் சிலவற்றையாவது எந்தப் பிள்ளையும் போட்டுவிடலாம் என்பதுதான். நம் பக்கத்தில், 1965இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து நடத்தும் திறனறி தேர்வுகள் பெயர் பெற்றவை. அவற்றில் கணித மேதை காஸ் பெயரிலுள்ள நிலை ஐந்து, ஆறாம் வகுப்பினருக்கானது. அவை எனக்கு விருப்பமான வினாத்தாள்கள்தாம் என்றாலும், எண்களை மட்டும் சிறிதாக்கி அவற்றை ஏழு வயதுப் பிள்ளையிடம் நீட்ட முடியாது. அந்த வயதுக்கான வினாவை அடியிலிருந்து கட்ட வேண்டும்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. வாய்பாடு ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதனால் மட்டும் எந்த ஆதாயமும் இருக்கக்கூடாது. அதே வேளையில், வாசிப்பில் தடுமாறும் பிள்ளை அந்தத் தடுமாற்றத்தாலேயே தோற்றுவிடவும் கூடாது. ஆகவே எண்கள் பெரும்பாலும் இருபது முப்பதைத் தாண்டுவதில்லை. ஒரு வினாவில் மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் ஒரு செய்திக்கு மேல் வைப்பதில்லை. கேட்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும், இவ்வேலையில் மிகுதியான நேரம் போவது இதில்தான்.

அடுத்ததாக நேரம் பிடிப்பது தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பது. சரியான விடைக்கு அக்கம் பக்கத்தில் ஏதோ நான்கு எண்களைப் போட்டுவிட்டால் வினா செத்துவிடும். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால், ஒரு பிள்ளை உண்மையாகவே போகக்கூடிய ஒரு வழி இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இந்த வினா: "ரேஷன் கடை வரிசையில் கவின் நிற்கிறான். முன்னாலிருந்து எண்ணினால் அவன் 5ஆவது ஆள். பின்னாலிருந்து எண்ணினால் 7ஆவது ஆள். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?" கொடுத்த விடைகள் 2, 10, 11, 12, 13. கூட்டியவுடன் நிறுத்திய பிள்ளை 12 என்று குறிக்கும். அங்கே கவின் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டான். கவினுக்கு முன்னால் நான்கு பேர், பின்னால் ஆறு பேர் என்று சரியாகவே யோசித்துவிட்டுக் கவினை மறந்த பிள்ளை 10 என்று குறிக்கும். கவினையும் சேர்க்க வேண்டும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்த பிள்ளை 13க்குப் போகும். இரண்டு எண்களைக் கண்டதும் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு 2. சரியான விடை 11. இதில் 10 என்று குறித்தவர்களோடு பேசினால் ஒரு நிமிடத்தில் வினா முடிந்துவிடும். 13 என்று குறித்தவர்களோடு நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்பதைவிட, எந்தத் தவறில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதே அடுத்த வினாவை அமைக்கும்போது எனக்கு உதவுகிறது.

இதே வகையில் நன்றாக அமைந்த இன்னொன்று, நோட்டுப் பக்க எண் வினா: 1 முதல் 30 வரை பக்க எண்களை எழுதும்போது 2 என்ற இலக்கத்தை எத்தனை முறை எழுத வேண்டும்? ஒன்றாம் இடத்தில் 2, 12, 22 என மூன்று முறை. பத்தாம் இடத்தில் 20 முதல் 29 வரை பத்து முறை. ஆக மொத்தம் 13. இங்கே 3, 10, 12 ஆகிய மூன்றுமே இயல்பாகக் கிடைக்கும் தவறுகள். 22ஆம் பக்கத்தில் இரண்டு முறை எழுதுகிறோம் என்பதைக் கவனிக்காத பிள்ளை 12க்கு வரும். உண்மையில் அந்தப் பிள்ளை, 2 என்ற இலக்கம் வரும் பக்கங்கள் எத்தனை என்ற வேறொரு வினாவுக்குச் சரியான விடையைச் சொல்லியிருக்கிறது. அதையும் பிறகு தனி வினாவாக ஆக்கிக்கொண்டேன்.

ஆடு, கோழி வினாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. எட்டுத் தலை, இருபத்திரண்டு கால் என்றால் ஆடு மூன்று, கோழி ஐந்து. சீனாவின் பழங்கணித நூலொன்றில் 35 தலை, 94 கால் என்று வரும் பழைய கணக்குத்தான் இது. எட்டுத் தலை வரைந்து, எல்லாவற்றுக்கும் முதலில் இரண்டிரண்டு கால் போட்டு, மிச்சமிருக்கும் ஆறு காலை இரண்டிரண்டாகப் பங்கிடச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடுகிறது. மர இடைவெளி, கயிறு வெட்டுதல் போன்றவையும் அப்படியே. மூன்று மதிப்பெண் பகுதிக்குப் போதும்.

கனசதுர அடுக்கு வினாவுக்காக ஆசாரியிடம் சொல்லி ஒரே அளவில் மரக்கட்டைகள் அறுத்து வாங்கினேன். சுவர் மூலையோடு சேர்த்து மூன்று தட்டாக அடுக்கினால், கீழே ஆறு, நடுவில் மூன்று, மேலே ஒன்று என்று மொத்தம் பத்துக் கட்டைகள் வரும். எதிரிலிருந்து பார்த்தால் ஆறு கட்டைகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும், நான்கு மறைந்துவிடும். படத்தைக் காட்டி எத்தனை கட்டைகள் என்று கேட்டபோது 6, 10 ஆகிய இரண்டையும் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் 18 என்ற விடையும் வந்தது. தெரியும் ஒவ்வொரு கட்டையும் மூன்று முகங்களைக் காட்டுவதால், முகங்களை எண்ணிய பிள்ளைகளுக்குப் பதினெட்டு கிடைத்திருக்கிறது. தட்டையான படத்தில் ஒரு சாய்சதுரத்தைக் கட்டையின் ஒரு பக்கமாகப் பார்ப்பது தானாக வருவதன்று. கட்டைகளைக் கையில் எடுத்து அடுக்கியவர்கள் அதன்பின் படத்தைத் தவறாக எண்ணவில்லை. ஆகவே இந்த வகையில் படத்தை மட்டும் கொடுத்துத் தேர்வு வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. கட்டையே பார்க்காத பிள்ளையிடம் நாம் சோதிப்பது கணிதத்தை அல்ல, படம் வரைபவருடைய வழக்கத்தை அது அறிந்திருக்கிறதா என்பதைத்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த நிறைவைக் கொடுத்தது கோலப்புள்ளி வினா. நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை புள்ளிகள்? தரையில் புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாக வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் உண்டு. மேற்பகுதியில் 1, 3, 5 சேர்ந்து ஒன்பது, கீழ்ப்பகுதியிலும் ஒன்பது, நடுவில் ஏழு, ஆக 25 என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு சிறுமி எழுந்து மூலைப்பக்கமாகப் போய் நின்றுகொண்டு, சாய்வு வரிசைகளை 4, 3, 4, 3, 4, 3, 4 என்று எண்ணினாள். அப்படிப் பார்த்தால் நான்குக்கு நான்காக ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றாக இன்னொரு சதுரமும் இருப்பது தெரிகிறது. பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. வேறொரு பையன் நான்கு முனைகளிலும் தனித்து நிற்கும் கொட்டைகளை எடுத்து நான்கு மூலைகளில் வைத்தான். ஐந்துக்கு ஐந்து சதுரம் ஒன்று முழுதாக வந்துவிட்டது. பார்ப்பதற்கு இதைவிட அழகான வழி கிடையாது. ஆனால் 9 புள்ளியில் தொடங்கும் கோலத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே மொத்தம் 41 புள்ளிகள், அதை எப்படி நகர்த்தினாலும் ஒரே சதுரமாக அடுக்க முடியாது. சாய்வாகப் பார்த்த சிறுமியின் வழியோ அங்கேயும் செல்லும்: இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று. ஆகவே 7 புள்ளிக் கோலத்தை 4 மதிப்பெண் பகுதியிலும் 9 புள்ளிக் கோலத்தை 5 மதிப்பெண் பகுதியிலும் ஒரே தாளில் வைத்திருக்கிறேன். முதலாவதில் கண்ட வழி இரண்டாவதில் செல்லுமா என்று பிள்ளை தானே உரசிப் பார்க்கட்டும் என்பது நோக்கம். இடைப்புள்ளிக் கோலத்தில் 7 வைத்து 4 வரை குறைத்தால் 37 புள்ளிகள் வரும். அதை மூன்றாம் வகுப்புத் தாளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

உண்மை, பொய் வினாக்கள் இந்த வயதில் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. முறுக்கை எடுத்தது யார் என்று மூவரைக் கேட்கிறோம். அமுதா, "நான் எடுக்கவில்லை" என்கிறாள். பாலு, "அமுதாதான் எடுத்தாள்" என்கிறான். செல்வி, "நான் எடுக்கவில்லை" என்கிறாள். ஒருவர் மட்டுமே உண்மை சொல்கிறார் என்றால் எடுத்தது யார்? அமுதா எடுத்திருந்தால் பாலுவும் செல்வியும் உண்மை சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள்; பாலு எடுத்திருந்தால் அமுதாவும் செல்வியும்; செல்வி எடுத்திருந்தால் மட்டுமே உண்மை சொன்னவர் ஒருவராக இருக்க முடியும். பெரியவர்களுக்கு இது நேரான வினா. பிள்ளைகளோ, கோள் சொன்னவன் பாலு, ஆகவே எடுத்தவனும் அவனே என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். ஆட்களை நீக்கிவிட்டு, மூன்று பெட்டிகள், மேலே ஒட்டிய மூன்று சீட்டுகள், ஒரு சீட்டு மட்டுமே சரி என்று மாற்றியபின் வினா ஒழுங்காக வேலை செய்கிறது. கோள் சொல்லும் பெட்டி என்று ஒன்று இல்லையல்லவா.

முழுமையாகக் கைவிட்டது, அடுத்து வரும் எண் என்ன என்ற வகையை. 1, 2, 4 என்று கொடுத்தால் இரட்டித்துக்கொண்டே போனவருக்கு 8 வரும், ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனவருக்கு 7 வரும், இருவருமே சரி. இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துக் கொடுத்தால் ஐயம் குறையுமே தவிர, வினா அமைத்தவர் மனத்திலிருப்பதை ஊகிக்கும் விளையாட்டாகவே அது மிஞ்சுகிறது.

மதிப்பெண் முறையையும் மாற்றிப் பார்த்தேன். கங்காரு போட்டியில் இது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் தவறான விடைக்குக் கழிப்பதில்லை. ஆக உச்ச மதிப்பெண் 96. ஜெர்மனியில் மூன்றாம், நான்காம் வகுப்பினருக்குத் தொடக்கத்திலேயே 24 மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கைக் கழிக்கிறார்கள். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்குச் சராசரியில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று வரும்படி அமைந்த கணக்கு அது. எல்லாமே தவறானாலும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. கணக்கு நேர்த்தியானதுதான். ஆனால் கழித்தல் உண்டு என்று சொன்னவுடன், பாதி சரியாக யோசித்த பிள்ளைகள் விடையைக் குறிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய பாதி யோசனை என் நோட்டுக்கு வந்து சேர்வதில்லை. ஆகவே நான் கழிப்பதில்லை. 75 நிமிடமும் இரண்டாம் வகுப்புக்கு நீளமாகத் தெரிந்ததால், தாளை இரண்டாகப் பிரித்து, நடுவில் விளையாட விட்டுவிடுகிறேன்.

இப்போது கையிலிருப்பது ஒரு தாள் மடிப்பு வினா. சதுரத் தாளைப் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தால் ஒரு சிறு சதுரம் கிடைக்கும். அதன் நான்கு மூலைகளில் ஒன்றை மட்டும் கத்தரித்துவிட்டு விரித்தால், எந்த மூலை என்பதைப் பொறுத்து நடுவில் ஒரே துளை வரலாம். நான்கு வெளிமூலைகளும் போகலாம். அல்லது எதிரெதிர் ஓரங்களின் நடுவில் இரண்டு வெட்டுகள் விழலாம். இந்த மூன்றாவது வகை மட்டும் இரண்டு மூலைகளுக்குப் பொது: ஒரு மூலை இடவல ஓரங்களை வெட்டும், இன்னொன்று மேல்கீழ் ஓரங்களை வெட்டும். விடைத்தாளைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் இரண்டு படங்களும் ஒன்றாகிவிடுகின்றன. பிள்ளைகள் திருப்பாமல் இருப்பதும் இல்லை. தாளின் ஒரு ஓரத்துக்கு மட்டும் நிறம் தீட்டி, படங்களிலும் அதே ஓரத்தைக் காட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.