உளவாளி வழுக்கும் இடங்கள்

ஜூன் 7
'ஜானி இங்கிலீஷ்' (2003), உளவாளி நகைச்சுவைப் படம். பாராசூட்டில் வந்து இறங்கிய உளவாளி துப்பாக்கியை நீட்டி எல்லாரையும் மிரட்டுகிறான். அது மருத்துவமனை. வில்லனின் கட்டடம் பக்கத்தில், அச்சு அசலாக அதே மாதிரி நிற்கிறது. இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடி வட்டாரத்தில் புளோக் எண் பார்க்காமல் மின்தூக்கி ஏறியவர்களுக்கு இது அந்நியமில்லை. தப்பு செய்தது சிரிப்பில்லை. தப்பு தெரியாமல் விறைப்பு குறையாமல் நிற்கிறானே, அதுதான்.

ஜூன் 8
இரண்டாம் பாகம் (2011), பிரதமரோடு கூட்டம். நாயகனின் நாற்காலி தானாக இறங்கி ஏறுகிறது, அவன் முகம் மட்டும் மாறவில்லை.

சமூக மன்ற மேடையில் இதைப் போட நினைப்பவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தால் இறங்கும். ஆள் எடை மேலே இருக்கும்வரை ஏறாது. அதனால் ஏறுவதை நடிகர்தான் செய்ய வேண்டும்: நெம்புகோலை விடாமல், எடையைப் பாதத்துக்கு மாற்றி, தொடையால் மெல்ல எழும்ப வேண்டும். நாற்காலி தானே கூட வரும். முழங்கால் தெரியாதபடி மேசைத்துணி தரைவரை தொங்கட்டும். இறங்க ஐந்து நொடியாவது எடுக்கட்டும். படக்கென்று இறங்கினால் வெறும் விபத்து. எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டாலோ, கதை கந்தல்.

ஜூன் 11
'டாப் சீக்ரெட்' (1984). முன்னால் பெரிய தொலைபேசி. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று கண் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. பின்னாலிருந்து வந்து ஒருவர் எடுக்கிறார்: நிஜமாகவே ராட்சத ரிசீவர்! நடுவில் வெட்டி ஒட்டியிருந்தால் இது செத்திருக்கும்.

ஜூன் 14
1999இல் வந்த ஆஸ்டின் பவர்ஸ் படத்தின் தலைப்பில் இருந்த கொச்சைச் சொல்லை இங்கே 'ஷியோக்ட்' என்று மாற்றினார்கள். 'பிரமாதம்' என்று நாம் சொல்லும் நம்மூர் 'ஷியோக்'தான்! சொல் நகைச்சுவைக்கு ஊருக்கு ஊர் இப்படி ஒட்டுப்போட வேண்டும். வழுக்கி விழுவதற்கு வசனவரி எதற்கு?

ஆனால் நையாண்டிக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும். 'வல்லவன் ஒருவன்' (1966) என்ற தமிழ் உளவாளிப் படம் பார்த்த தலைமுறைக்கு ஜெய்சங்கரின் நடையைத் தொட்டால் போதும். இளையவர்களிடம் அது எடுபடாது.

ஜூன் 15
'ஸ்பை ஹார்ட்' (1996) நாயகன் லெஸ்லி நீல்சன், 1956இல் 'ஃபர்பிடன் பிளானெட்' படத்தில் கண்டிப்பான விண்கலத் தளபதி. அந்த முகத்தை மாற்றாமலேயே பிறகு சிரிக்கவைத்தார். மேடைக்கு ஆள் எடுக்கும்போது நகைச்சுவைக்காரரை விட்டுவிட்டு, பட்டிமன்ற நடுவர் மாதிரி ஒருவரைப் பிடிக்கலாம்.