சிவப்பு என்றால் பாறை

"இந்த இடம் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே சார், இங்கேதான் ஆபத்தா?" என்று உதவிப் பொறியாளர் படத்தில் விரல் வைத்துக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். மலைச்சாலைக்கு அடியில் மின்சாரம் செலுத்தி மண்ணையும் பாறையையும் அறிய எடுத்த மின்தடை ஆய்வுப் படம் அது. அதில் சிவப்பு என்பது தடை மிகுந்த பகுதி, அதாவது பாறை என்றும், நீர் ஊறிய களிமண் நீலத்தில் தெரியும், மழையில் சரியக்கூடியது அதுதான் என்றும் விளக்கினேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். நவம்பர் மழையில், நீர் சாலைக்கு அடியில் கடந்துபோகும் பழைய கல்வெர்ட்டை ஒட்டிச் சாலையின் பாதி அகலம் உள்ளே இறங்கியது. அவர் விரல் வைத்த இடம் அது. இரவு நேரம் என்பதால் வண்டி எதுவும் சிக்கவில்லை.

அளவீட்டில் பிழை இல்லை. மார்ச் மாத வறட்சியில், மின்சாரம் மண்ணில் இறங்குவதற்காக ஒவ்வொரு மின்முனையின் அடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, 2 மீட்டர் இடைவெளியில் 48 முனைகளை நட்டு, சுமார் 15 மீட்டர் ஆழம் வரை பார்த்தோம். நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவுகளுக்குப் பிறகு, சார்னோகைட் பாறை உளுத்து உண்டான களிமண்ணைத் தேடுவதே எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. தேடியது கிடைக்கவும் செய்தது. ஈரக் களிமண் சில பத்து ஓம் மீட்டர் (தடையை அளக்கும் அலகு) காட்டும், உளுக்காத பாறை ஆயிரக்கணக்கில் காட்டும். காற்று நிறைந்த பொந்தும் அப்படித்தான் காட்டும் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். கல்வெர்ட்டின் கட்டுமானத்தில் இணைப்பு விட்டுப்போய், கசிந்த நீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. நான் பாறை என்று சொன்னது அந்தப் பொந்தைத்தான்.

சுத்தியலால் தட்டி அதிர்வலை பார்த்திருந்தால் பாறையையும் பொந்தையும் பிரித்தறிந்திருக்கலாம். ஓயாமல் ஓடிய லாரிகளின் அதிர்வில் அதைக் கைவிட்டோம். அடியில் இருப்பதை நேரில் பார்க்க அனுமதித்த துளைகள் இரண்டே. இரண்டையும் நீலத்தில்தான் போடச் சொன்னேன். சிவப்புப் பகுதியைத் துளையிட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. விசாரணையில் அந்த வரிதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் கூட்டத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை, என் வாய்ச்சொல்லைத்தான் கேட்டார்கள்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. ஆய்வின் மூன்றாம் நாள், சாலைப் பணியாளர் ஒருவர் அந்தக் கல்வெர்ட்டைக் காட்டி, "மழையில மேல போற தண்ணி அத்தனையும் கீழ வர்றதில்லீங்க" என்றார். எங்கள் கருவி சொல்லாத செய்தி அது. அது புவி இயற்பியல் அறிக்கையில் எழுதத்தக்க விஷயம் அன்று என்று எண்ணி விட்டுவிட்டேன். எழுதியிருந்தாலும் எந்தத் தலைப்பின்கீழ் எழுதியிருப்பேன் என்று இன்றுவரை தெளிவில்லை.

நீலப் பகுதிகளில் அந்தக் கோடையிலேயே வடிகால் அமைத்தார்கள். அவை அசையவில்லை. வடிகாலால் நின்றனவா, இல்லாமலும் நின்றிருக்குமா என்று சொல்ல வழியில்லை என்றாலும், மனம் சோரும்போதெல்லாம் அதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறேன். உதவிப் பொறியாளரின் கேள்வி சரியானது என்றும் முழுமையாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிறத்தைப் பார்த்துப் பயந்தவர் அவர்; இடம் பொருந்தியது, காரணம் பொருந்தவில்லை. அடுத்த மலைப்பாதையில் வேறொருவர் சிவப்பைக் கண்டு பயந்தால், பெரும்பாலும் அங்கே இருப்பது பாறையாகத்தான் இருக்கும்.

இப்போது படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். கூட்டத்தில் யாரும் அவற்றின்மேல் விரல் வைத்து எதுவும் கேட்பதில்லை.