முயல் தோல் பாடம் செய்வது: ரோமம் கழலாமல் காப்பாற்றுவது பற்றி

பாடம் செய்ய, அதாவது தோலைப் பதப்படுத்தி உயிரோடு இருப்பது மாதிரி நிறுத்திவைக்க, பழகுவதற்கு முயல் தோலைத்தான் எடுத்துக்கொண்டேன், அதுவும் பண்ணை முயல் மட்டும். காட்டு முயல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். பண்ணைத் தோல் மலிவு, ஆனால் மெல்லிசு, அதனால் ரோமம் கழல்வதும் சீக்கிரம்.

இந்த முறை வந்த தோல்களில் ஒன்று உரித்த கையோடு கிடைத்தது. இன்னொன்றைப் பாலித்தீன் பையில் கட்டி மதியம் வரை கடையிலேயே போட்டு வைத்திருந்தார்கள், கைக்கு வரும்போது இன்னும் வெதுவெதுப்பு. இரண்டுக்கும் ஒரே உப்பு, ஒரே தொட்டி. இரண்டாவதன் வயிற்றுப் பக்கம் லேசாக இழுத்ததும் ரோமம் கொத்தாக வந்துவிட்டது, அடியில் ஈரமான மெல்லிய மேல்தோலும் சேர்ந்து. சும்மா ரோமம் மாற்றும் முயலிடம் இப்படி வராது, இழை இழையாகக் காய்ந்துதான் வரும். இந்த வித்தியாசத்தையும் வாடையையும் வைத்தே அழுகலா இல்லையா என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ரோமத்தைப் பிடித்திருப்பது மேல்தோலும் ரோமக்குழியும். சூடும் ஈரமும் கிடைத்தால் பாக்டீரியா முதலில் அந்த இடத்தைத்தான் அரிக்கும், தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பில் ஊறப்போட்டு வேண்டுமென்றே ரோமத்தைக் கழற்றுவார்கள், நமக்கு வேண்டியது நேர் எதிர். அதனால் அங்கே கேட்டு வந்த யோசனைகளில் பாதி நமக்கு உதவாது.

எனக்கு இப்போது தோன்றுவது, கடைசியில் ஊற்றுகிற மருந்தைவிட முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பெரிது என்பது. ஐஸ் வாங்கிப் போனாலும் பாட்டிலுக்குள் வைத்துத்தான் குளிர வைக்க வேண்டும், உருகிய தண்ணீர் தோலில் பட்டால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்கு வந்ததும் சதை, கொழுப்பு, சவ்வு எல்லாம் வழித்துவிட்டுத் தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம், பருக்கைக்கு நடுவே இடம் விட்டுவிடும். உதடு, விரலிடுக்கு வரை அழுத்தித் தேய்க்க வேண்டும், காதைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால்தான் அங்கே உப்பு போகும், பலருக்கும் முதலில் வழுக்கையாவது காதுதான். தோலைச் சாய்வாகப் போட்டு நீரை வடியவிட்டு, மறுநாள் ஈர உப்பை உதறி எறிந்துவிட்டுப் புது உப்பு. காயவைப்பது நிழலில், மின்விசிறிக் காற்றில். வெயிலில் போட்டால் மேலே மொறுமொறு, உள்ளே அழுகல்.

காய்ந்த தோலை மறுபடி ஊறவைப்பது அடுத்த கண்டம். வெறும் தண்ணீரில் போடாமல் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு, மடிக்கிற அளவுக்கு இளகியதும் எடுத்துவிட்டேன். அப்புறம் புளிப்புத் தொட்டி: லிட்டருக்கு 120 கிராம் உப்பு, 22 கிராம் சிட்ரிக் அமிலம், புளிப்பு அளவைக் காட்டும் பிஹெச் தாளில் 2-க்குப் பக்கத்தில் காட்டியது. உப்பில்லாமல் அமிலம் மட்டும் போட்டால் தோல் உப்பிப் போகும். 2.5-க்கு மேலே ஏறினால் புளிப்பு குறைகிறது என்று அர்த்தம், கொஞ்சம் சிட்ரிக் கூட்டுகிறேன், தோலைத் தினமும் புரட்டிவிடுகிறேன்.

அந்த வயிறு கழன்ற தோலையும் இதே தொட்டியில்தான் போட்டேன். போன ரோமம் திரும்பவில்லை, ஆனால் கழல்வது அங்கேயே நின்றது, விலாவும் முதுகும் இழுத்தாலும் வரவில்லை. உட்கார்ந்த மாதிரி வைத்தால் வயிறு தெரியாது, அதை அப்படியே பயன்படுத்தப்போகிறேன்.

முதல் தோலில் இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை, காது உட்பட. அடுத்தது ஆப்பசோடாவில் புளிப்பை இறக்கிவிட்டுப் படிகாரத்தில் பதனிடுவது. வாய் ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, அதற்கு முன்னால் அதை மெல்லிசாக்கித் திரும்பவும் ஒரு ராத்திரி தொட்டியில் போட வேண்டும்.