சிலிண்டர் படம்: வெட்டுக் குறிப்புகள்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

எங்கள் குறும்படத்தின் படப்பிடிப்பு முடிந்தது. கதை சின்னது. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் லிஃப்ட் பழுது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அயலவர்கள் சேர்ந்து ஒரு எரிவாயு சிலிண்டரை ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப் போகவேண்டும். சண்டை எதனால் வந்தது என்று படத்தில் சொல்லப்போவதில்லை. தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையுமில்லை. நடித்தவர்கள் மூன்றாம் மாடி மாஸ்டரும் எதிர்வீட்டு அன்ரியின் கணவரும். ஒளிப்பதிவு என் பெறாமகன். கமரா அவனுடைய கைத்தொலைபேசி. 12.5 கிலோ எரிவாயு கொள்ளும் சிலிண்டர் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் இரும்பு இரும்புதானே! களைத்ததுபோல் நடிக்கவேண்டிய தேவை இரண்டாம் மாடியோடு தீர்ந்துவிட்டது.

மாடிப்படியில் டியூப் லைட். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கி எழும். கண் அதைக் கவனிப்பதில்லை, கமரா விடுவதில்லை. ஷட்டரை நூறில் ஒரு விநாடியிலும் ஃபிரேம்களை விநாடிக்கு 25 என்றும் நிறுத்தி வைத்து எடுத்தோம். படத்தில் பட்டை ஓடவில்லை.

ஒலி வேறு கதை. மரைன் டிரைவுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். மாஸ்டருக்கு நாலாம் மாடி வளைவில் நாற்பது விநாடிப் பேச்சு ஒன்று இருக்கிறது; கண்ணாடி முன் நின்று பழகி வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து ரயில் வந்தது.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. படத்தை எந்த மென்பொருளில் வெட்டுவது என்ற வாக்குவாதம் காலையிலேயே முடிந்தது. பெறாமகனுக்கு டாவின்சி ரிசால்வ் மீது ஆசை. அதன் இலவசப் பதிப்பே பெரிய வேலைக்குப் போதும், ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். என் மடிக்கணினிக்கு அந்த வசதி இல்லை. ஷொட்கட் என்று முடிவு செய்தேன். இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் மக்கிலும் லினக்ஸிலும் ஓடும். எஸ் விசையை அழுத்தினால் துண்டு இரண்டாகும், எக்ஸை அழுத்தினால் வேண்டாத துண்டு போய், பின்னால் உள்ளது முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு விசைகளையும் வைத்தே படத்தின் பெரும்பகுதியை வெட்டிவிடலாம்.

2000 இல் விண்டோஸ் மில்லேனியத்தோடு வந்த மூவி மேக்கரை 2017 ஜனவரியில் மைக்ரோசொப்ட் கைவிட்டது. அதில் பழகிய கைகள் எங்கள் தலைமுறையில் ஏராளம். பழைய சாமத்தியவீட்டு வீடியோக்களில் ஒரு காட்சி இதய வடிவில் சுருங்கி அடுத்த காட்சி பூவாக விரியுமே, அந்த ஆசை இன்னும் எல்லோர் கையிலும் இருக்கிறது. நான் ஒரே கட்டளை போட்டேன்: இந்தப் படத்தில் பூ விரியாது. நேர் வெட்டு மட்டும்.

கைத்தொலைபேசிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம் என்று சொன்னாலும் அது உள்ளே கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பதிகிறது. அப்படியே வெட்டினால் போகப்போக உதடும் குரலும் பிரியலாம். கோப்பைத் திறந்ததுமே ஷொட்கட் அதைக் கண்டுபிடித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்டது. மூன்று தரங்கள் உண்டு. மேலே போகப்போகக் கோப்பு பூதாகரமாகும். முதல் தரத்திலேயே மாற்றக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகல் பதினொன்றரை அளவில் மின்சாரம் போனது. கட்டடத்தில் மட்டுமென்று நினைத்தால், நாடு முழுவதும் இல்லையாம். துணை மின்நிலையம் ஒன்றில் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னாராம். மடிக்கணினியின் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஆகவே குரங்கு அங்கே கை வைத்த கணத்தில் இங்கே மாஸ்டர் வாய் திறந்தபடி மறைந்தார்.

மின்சாரம் வந்து திறந்தபோது ஷொட்கட், தானே சேமித்து வைத்த பிரதி இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. கடைசியாகச் செய்த சில வெட்டுகள்தான் போயின. அவற்றைத் திரும்பச் செய்தபோது ஒன்று முன்னைவிட நன்றாக அமைந்தது. குரங்குக்கு நன்றிப் பெயர்ப் பட்டியலில் இடம் கொடுக்கலாம் என்கிறான் பெறாமகன்.

பெப்ரவரி 12, புதன்

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. நேற்றும் முந்தாநாளும் சுழற்சி முறை மின்வெட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

இன்று ஒரு வெட்டு மிகவும் பிடித்துவிட்டது. தேநீருக்காகக் காத்திருந்த மாஸ்டரின் முகம், கமரா அணைக்கப்படாமல் இருந்ததால் பதிவாகியிருந்தது. மற்றவரின் செருப்பு வார் அறுகிற காட்சிக்குப் பின்னால் அந்த முகத்தை வைத்தேன். அப்படியொரு இரக்கம்! நூறு ஆண்டுக்கு முன் ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் செய்து காட்டியது இதைத்தான்: ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பிறகு வைத்தால் பசி, சவப்பெட்டிக்குப் பிறகு வைத்தால் துக்கம். மாஸ்டரிடம் காட்டினேன். தான் அந்த உணர்ச்சியை வேண்டுமென்றே வரவழைத்ததாகச் சொன்னார். மறுக்கவில்லை.

நாற்பது விநாடிப் பேச்சைச் சுத்தம் செய்யப் பார்த்தேன். தாழ்ந்த அதிர்வுகளை வடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. டீசல் இஞ்சினின் உறுமலை அது பெருமளவு எடுத்துவிடுகிறது. ரயிலின் ஊதல் மனிதக் குரலின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதைக் கழற்றினால் மாஸ்டரும் கூடவே கழன்றுவிடுகிறார். அந்தப் பேச்சையே எடுத்துவிடலாம் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அன்ரி தூது போய்ச் சமாதானம். பேச்சை மட்டும் திரும்பப் பதிவு செய்தோம், என் சேலை அலுமாரிக்குள். கதவைத் திறந்து, தொங்கும் பட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்து மாஸ்டர் பேசினார். துணி எதிரொலியைக் குடித்துவிடும், ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

ஆனால் அலுமாரிக் குரலை மாடிப்படிக் காட்சியில் வைத்தால் வானொலி நாடகம் கேட்பதுபோல் இருந்தது. கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். அடியில், யாரும் பேசாதபோது மாடிப்படியில் பதிந்த வெற்று ஓசையை ஒரு தனித் தடமாக நீட்டி விட்டேன். உதடு பொருந்தாத இடங்களில் அவருடைய முகத்தைக் காட்டாமல் சிலிண்டரையும், படியையும், மற்றவரின் முதுகையும் வைத்தேன். குரல் முதலில் வரும், முகம் சற்றுப் பிந்தி வரும். ஒலியைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கும் வசதி மட்டும் இருந்தால் போதும், இது எந்த எளிய மென்பொருளிலும் முடியும். பேச்சு முன்னைவிட ஆழமாகிவிட்டது. கேட்பவரின் முதுகு பேசுபவரின் முகத்தைவிட அதிகம் சொல்கிறது.

படம் கொஞ்சம் கலங்கினால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கலங்கினால் எழுந்து போய்விடுவார்கள். புதிதாகப் படம் எடுக்கும் பிள்ளைகள் லென்ஸுக்குச் சேர்க்கும் காசில் பாதியையாவது மைக்குக்கு வைக்கலாம்.

பெப்ரவரி 22, சனி

பெறாமகன் திட்டக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோய், வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான்: "பெரியம்மா, எல்லாம் காணாமல் போய்விட்டது!" அந்தக் கோப்பில் படமே கிடையாது. எந்தக் காட்சி எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எங்கே வெட்டு என்ற எழுத்துக் குறிப்பு மட்டும். முழுக் கோப்புறையையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

பெயர்ப் பட்டியலை அச்சகத்து நண்பர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். ஷொட்கட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடுக்கு மாற்றியதும் சரியானது.

சிங்கள உபதலைப்புகளை இரண்டாம் மாடி ஆசிரியை எழுதித் தருகிறார்.

மார்ச் 1, சனி

முழுதாக ஓடவிட்டுப் பார்த்தோம். குரல் தெளிவு, வெட்டு சுத்தம். ஆனால் இது வெள்ளவத்தை இல்லை. கண்டியாகவோ குருநாகலாகவோ இருக்கலாம். ஏன் என்று பிடிபட நேரமாயிற்று: ஒரு ரயில்கூட இல்லை.

கழித்துப்போட்ட பதிவுகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தேன். நாலாம் மாடியில் இருவரும் சிலிண்டரை இறக்கி வைத்து, எதுவும் பேசாமல் படியில் உட்காருகிறார்களே, அங்கே வைத்தேன். தொலைவில் தொடங்கி, நெருங்கி, கடந்து போகிறது. அது போகும்வரை இருவரும் பேச முடியாது. போன பிறகும் பேசவில்லை. காட்சியை ஆறு விநாடி நீட்டினேன். இவ்வளவு நாளும் ரயில் தன் இஷ்டத்துக்கு வந்தது, இப்போது நான் கூப்பிட்ட இடத்தில் வருகிறது.

மார்ச் 2, ஞாயிறு

அன்ரி வீட்டுத் தொலைக்காட்சியில் திரையிட்டோம். ரயில் வந்தபோது யாரோ பழக்கத்தில் ஒலியைக் கூட்டினார்கள். உண்மையான ரயில் என்று நினைத்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மாஸ்டருக்கு முழுப்படம் வேண்டாமாம். கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப, அந்த நாற்பது விநாடியை மட்டும் தனியாக வெட்டித் தரச் சொல்கிறார். அதில் பாதி நேரம் மற்றவரின் முதுகுதான் தெரிகிறது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.