கீழ் எண்

மார்ச் 3, செவ்வாய்

காலை ரத்த அழுத்தம் 148/96, சற்றுப் பொறுத்து மீண்டும் அளந்தபோது 142/94. எல்லோரும் மேல் எண்ணையே விசாரிக்கிறார்கள். என் மனமோ கீழ் எண்ணிலேயே நிற்கிறது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் வேளையில் குழாய்ச் சுவர் தாங்குவது மேல் எண் என்றும், இரு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளரும்போதும் மிஞ்சியிருப்பது கீழ் எண் என்றும் மருத்துவர் விளக்கினார். தளர வேண்டிய நேரத்திலும் தளராத ஒன்று உடம்புக்குள் இருக்கிறது என்பதை அன்றிலிருந்து மறக்க முடியவில்லை. அப்பாவுக்கும் கீழ் எண்தான்.

மார்ச் 4, புதன்

உப்பைக் குறைத்தாயிற்று, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை.

மார்ச் 7, சனி

அளப்பதற்கென்று ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் நடைக்கும் முன்னால், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கைப்பட்டை நெஞ்சின் மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். மாலையிலும் இதே முறைதான். இன்று வேண்டுமென்றே கையைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தேன். இரண்டு எண்களுமே கூடிவிட்டன. கையை மேசைக்கு ஏற்றியதும் இறங்கின.

பட்டை இறுகி, முழங்கைக்கு மேலே துடிப்பு திம்திம்மென்று தெரியும்போது திரையில் இதயக் குறி சிமிட்டத் தொடங்குகிறது. காற்று இறங்க இறங்க எண்ணும் இறங்குகிறது. எங்கே நிற்குமோ என்று பார்த்துக்கொண்டிருப்பதே அழுத்தத்தைக் கூட்டும் போலிருக்கிறது. இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கைப்பட்டையைக் கொண்டுவந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், ஒலி தொடங்கும் இடமும் அது மறையும் இடமும் இரு எண்களையும் தரும் என்று 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காட்டினார். என் கருவி எந்த ஒலியையும் கேட்பதில்லை. பட்டைக்குள் எழும் அதிர்வுகளை உணர்ந்து, அவை உச்சத்தைத் தொடும் இடத்தைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேலையும் கீழையும் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆக, நான் இரவெல்லாம் நினைத்துக் கிடக்கும் கீழ் எண் ஒரு கணக்கின் விடைதான். அது தெரிந்தும் நினைப்பு விடுவதாயில்லை.

மார்ச் 11, புதன்

உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, அதுவும் நாள் முழுவதும் உண்ணும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மேசையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் பொட்டலங்களின் பின்புறத்தைப் படித்ததில்லை. அங்கே பெரும்பாலும் சோடியம் என்று மில்லிகிராமில் அச்சிட்டிருக்கிறார்கள், அதை 2.5ஆல் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. நாக்குக்கு உப்பாகவே படாத ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் அது இருக்கிறது. சமையல் சோடாவில் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றில்கூட இருக்கிறது. உடம்பு அந்தச் சோடியத்தோடு நீரையும் சேர்த்துத் தேக்கிக்கொள்வதால் குழாய்களில் ஓடும் ரத்தத்தின் கன அளவு கூடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. இளஞ்சிவப்பு உப்பு நல்லது என்று வாங்குபவர்கள் நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அதுவும் மிகப் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

மார்ச் 12, வியாழன்

காலை 139/92. நாக்கு கொஞ்சம் பழகி வருகிறது.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா இன்றும் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். பூண்டு, பீட்ரூட் சாறு, பூத்தேநீர், கடைசியில் அதிமதுரக் கஷாயம். மாத்திரையை ஒருமுறை தொட்டுவிட்டால் ஆயுசுக்கும் விடாது, இயற்கையாகக் கிடைப்பதைச் சாப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. பூண்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை; அது சிறிதளவு குறைக்கிறது, ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் அதை அதிகமாகச் சேர்ப்பதில் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும் பொருள். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. தட்டிக்கேட்க ஆளில்லாத கார்டிசால் சோடியத்தைத் தேக்கிவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இதை அக்காவுக்கு எழுதினேன். “ஒரு தம்ளர் குடித்தால் என்ன ஆகிவிடும்?” என்று பதில் வந்தது.

ஒரு தம்ளருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். தினமும் குடித்தால் ஆகும். அழுத்தத்துக்கான பழைய மருந்துகளில் ஒன்றே வேரிலிருந்து வந்ததுதான். சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதை ரஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டு 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். இன்று பயன்படும் மாத்திரை வகை ஒன்றும் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில்தான் தொடங்கியது. இயற்கைக்கும் மாத்திரைக்கும் நடுவே அக்கா போடும் கோடு எனக்குத் தென்படவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், வேறு எதனோடு சேர்த்து என்ற கேள்விகளை இரண்டிடமும் கேட்டாக வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இரவு 151/98. மீண்டும் 155/99. மீண்டும் 158/101. இதற்குமேல் அளந்தால் அளப்பதே நோயாகிவிடும்.

மார்ச் 23, திங்கள்

கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

சாவி திரும்ப வந்துவிட்டது. 137/91.

அக்கா சொன்ன பூத்தேநீரைப் பற்றித் தேடிப் படித்தேன், ஏனெனில் அவள் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும் என்பது என் அனுபவம். சோதிக்கப்பட்டது வேலியில் பூக்கும் செம்பருத்தி அன்று. ரோசெல் என்னும் புளிச்சை வகையின் சிவந்த புல்லிவட்டம். 2010இல் வெளியான ஆய்வில் 65 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு 240 மில்லிலிட்டர் தேநீரை நாளுக்கு மூன்று வேளை, 6 வாரம் கொடுத்தார்கள். மேல் எண் சராசரியாக 7.2 இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3தான் இறங்கியது. நல்ல செய்திதான். கீழ் எண்ணில் மட்டும் இரு சாராருக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பீட்ரூட்டின் கதை வேறு. அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றித் தந்தால்தான் உடம்பு அதிலிருந்து குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்க முடியும். கிருமிநாசினித் திரவத்தால் வாய் கொப்பளிப்பவர்கள் அந்தப் பாக்டீரியாக்களையும் சேர்த்தே துப்பிவிடுகிறார்கள். மறுநாள் கழிவறையில் சிவப்பாகப் போவதைக் கண்டு மிரள வேண்டியதில்லை என்பதையும் யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்தால் புண்ணியம்.

ஏப்ரல் 2, வியாழன்

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் அமர்ந்தாற்போல முழங்காலை மடக்கி 2 நிமிடம் நிற்க வேண்டும். 2 நிமிட ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள். அசையாமல் தசையை இறுக்கிவைக்கும் இத்தகைய பயிற்சிகளே அழுத்தத்தை அதிகம் குறைக்கின்றன என்று 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. முதல் நிமிடம் முடிவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டால் அந்த நேரத்தில் அழுத்தம் எகிறும் என்பதால் வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இதற்காக மாலை நடையை விடுவதாக இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

உப்புக்கு மாற்றாக, நாலில் மூன்று பங்கு சாதாரண உப்பும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைச் சீனக் கிராமங்களில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. கலப்பு உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக வந்தது. பக்கவாதம் என்ற சொல்லை எழுதும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

வாங்கலாமா என்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் சில அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து, பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுங்கள் என்றார். முட்டிவலிக்கு ஐபுப்ரொஃபென் ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். அந்த வகை வலிமாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றுமாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

1945இல் இதே நாளில்தான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருக்குப் பதிவான அளவு 300/190. முந்தைய ஆண்டே அவருக்கு அழுத்தம் மிகுந்திருப்பது மருத்துவர்களுக்குத் தெரியும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் கொடுப்பதற்கு அன்று நல்ல மருந்து கிடையாது. உடலிலுள்ள மிகை உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் தயசைடு மாத்திரையே 1950களின் இறுதியில்தான் வந்தது. உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்குக் கிடைக்காத ஒன்றை நான் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேனா?

அப்பாவுக்கு அது கிடைத்தது. சுகமாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 15, புதன்

கடந்த வாரத்தின் காலை, மாலை அளவுகளை, முதல் நாளைத் தள்ளிவிட்டுக் கூட்டிப் பார்த்ததில் சராசரி 133/88. வீட்டில் அளப்பதற்கு எல்லை 135/85 என்பதால் மேல் எண் உள்ளே வந்துவிட்டது; கீழ் எண் வெளியே நிற்கிறது. இந்த 133 எனக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. உப்பு, சுவர், நடை, நேரத்துக்கு உறக்கம் என்று ஒவ்வொன்றையும் கொடுத்து வாங்கியது. அவற்றை விடப்போவதில்லை. மாத்திரை எழுதினாலும் இவை இருந்தால்தான் சிறிய அளவு போதும்.

அக்காவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்பாவைப் போல நிறுத்தமாட்டாயே?” என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாளை எடுத்துச் செல்ல வேண்டியவை: எண்கள் எழுதிய தாள், ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் கருவி. பூத்தேநீர் குடிப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கைகளிலும் அளந்து பார்க்குமாறு கேட்க வேண்டும். இதுவரை இடக்கையில் மட்டுமே அளந்து வந்திருக்கிறேன், கூடுதலாகக் காட்டும் கையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறார்கள். வலக்கையில் கீழ் எண் என்னவாக இருக்கும் என்று இப்போதே அளந்து பார்க்கலாம்தான்.